எறிந்தவையும் இழந்தவையும்

பெய்ஜிங்கில் 2005-ஆம் ஆண்டு ஒரு கலைக்கூடத்தின் தரை முழுவதும் ஒரு தாயின் வீட்டுச் சாமான்களைப் பரப்பி வைத்தார்கள். பிதுக்கி முடித்த பற்பசைக் குழாய்கள், பாட்டில் மூடிகள், மடித்த பிளாஸ்டிக் பைகள், துணித் துண்டுகள், செருப்புகள், கிண்ணங்கள், சட்டிகள், கட்டி கட்டியாகச் சோப்பு. மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். அவற்றின் நடுவே பழைய வீடு ஒன்றின் மரச்சட்டகமும் நின்றது. தாயின் பெயர் ஜாவ் ஷியாங்யுவான். மகன் சோங் தோங், சீனாவின் சமகாலக் கலைஞர்களில் முக்கியமானவர். 2002-இல் கணவர் இறந்த பிறகு ஜாவ் எதையும் எறிய மறுத்தார். வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. ஒழித்துச் சுத்தம் செய்யலாம் என்று பிள்ளைகள் முயன்றபோது அவர் மனம் நொந்தார். இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கலைப்படைப்பாக்கலாம் என்று மகன் கேட்ட பிறகுதான் அந்தப் பொருள்கள் வீட்டை விட்டு வெளியே வந்தன.

வந்தவை தனியாக வரவில்லை, தாயும் கூடவே வந்தார். எதை எதன் பக்கத்தில் வைப்பது, எப்படிக் கட்டுவது என்று அவரே பிரித்து அடுக்கினார். பார்க்க வந்தவர்களிடம் ஒவ்வொன்றின் கதையையும் சொன்னார். அந்தச் சோப்புக் கட்டிகளுக்கும் ஒரு கதை உண்டு. சோப்பு பங்கீட்டில் கிடைத்த காலத்தில், தன் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது இந்தத் தட்டுப்பாட்டில் கஷ்டப்படக் கூடாது என்று மிச்சம் பிடித்துச் சேர்த்தவை அவை. மகனுக்குக் கல்யாணம் ஆனபோது கொடுக்க எடுத்தார். வீட்டில் சலவை இயந்திரம் இருக்கிறது, தேவைப்படாது என்றார் மகன். அவர் அவற்றைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டார். சோப்பு காய்ந்து கல்லாகியிருந்தது. ஆனாலும் எறியவில்லை.

கழிபொருளைக் கொண்டு நினைவையும் இழப்பையும் சொல்லும் கலப்பு ஊடகக் கலை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. பியனாலேக்களிலும் பார்க்கலாம், கல்லூரி மாணவர்களின் இறுதியாண்டுக் கண்காட்சியிலும் பார்க்கலாம். இந்தக் கலையை எடைபோட சோங் தோங்கின் படைப்பு நல்ல அளவுகோல். ஏனெனில் அதிலுள்ள எதுவும் உண்மையில் கழிபொருள் இல்லை. எறியத்தக்கது என்று உலகம் சொன்னதை எறிய மாட்டேன் என்று ஒருவர் பிடித்து வைத்திருந்தது அது. மனமறிந்து எறிந்த பொருள், எறிய மறுத்த பொருள், பறிபோன பொருள், தீயில் மிஞ்சிய பொருள் எல்லாமே கண்காட்சி விளக்கில் ஒரே மாதிரித் தெரியும். அழுக்கும் கிழிசலும் துருவும் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் அவை சொல்லும் இழப்பு ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மதிக்கும் படைப்புகள் நிற்கின்றன. மதிக்காதவை பழைமையின் நிறத்தைக் காட்டிப் பார்வையாளரிடம் துக்கத்தைக் கடன் வாங்குகின்றன.

குப்பையிலிருந்து கலை செய்வது புதிதல்ல. முதல் உலகப் போரில் நொறுங்கிய ஜெர்மனியில், 1919-இல் குர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் சீட்டு, கம்பி, மரத்துண்டு, செய்தித்தாள் கிழிசல் ஆகியவற்றை ஒட்டிப் படங்கள் செய்யத் தொடங்கினார். எல்லாம் உடைந்துபோன நாட்டில் உடைந்த துண்டுகளிலிருந்துதான் புதியதைச் செய்ய வேண்டும் என்பது அவர் நிலை. ஹானோவரில் தன் வீட்டுக்குள்ளேயே அவர் எழுப்பிய 'மெர்ஸ்பாவ்' என்னும் கட்டுமானத்தில் நண்பர்களிடமிருந்து எடுத்த சிறு பொருள்களையெல்லாம் பதித்திருந்தார். அதன் தொடக்ககாலத் தூண் ஒன்றின் உச்சியில், பிறந்த சில நாள்களிலேயே இறந்துபோன தன் முதல் மகனின் முகவார்ப்பை வைத்தார். கேலியும் விளையாட்டுமாகப் பேசப்படும் அந்தப் படைப்பின் தலையில் ஒரு தகப்பனின் துக்கம் இருந்தது. 1943-இல் நேச நாடுகளின் குண்டுவீச்சில் அந்த வீடே அழிந்தது. இன்று மிஞ்சியிருப்பவை ஒரு சில புகைப்படங்கள்.

பொருளுக்கும் இழப்புக்கும் இடையே தூரமே இல்லாத ஒரு படைப்பைத் தேடினால் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதிக்குப் போக வேண்டும். 1965 ஆகஸ்டில் கறுப்பின மக்கள் வாழ்ந்த அந்தப் பகுதி கலவரத்தில் ஆறு நாள் எரிந்தது. 34 பேர் இறந்தார்கள். நோவா பியூரிஃபோய் அப்போது அங்கிருந்த வாட்ஸ் டவர்ஸ் கலை மையத்தின் இயக்குநர். ஓவியக் கல்லூரிக்குப் போகும் முன்பே சமூகப்பணியில் பட்டம் பெற்றவர். புகை அடங்குமுன்னே அவரும் ஜட்சன் பவலும் தெருவில் இறங்கி, கருகிய மரம், வளைந்த உலோகம், கடைகளின் நியான் பலகைகள் உருகிச் சொட்டி இறுகிய கண்ணாடிக் கட்டிகள் என்று மூன்று டன் அளவுக்குச் சேகரித்தார்கள். வேறு சில கலைஞர்களும் சேர்ந்து 1966-இல் 'நியானின் 66 குறிகள்' என்ற கண்காட்சியை உருவாக்கினார்கள்.

அந்தக் கண்ணாடிக் கட்டிக்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை. எந்தச் சூட்டில் உருகியது என்பதை அதுவே சொல்லும். நிகழ்ச்சி அதன் உடம்பிலேயே இருக்கிறது. இந்தக் கலைவகையின் மிகப் பெரிய பலம் இது. வண்ணத்தில் தீட்டிய தீ, தீயைப் பற்றிய ஒருவரின் கருத்து. உருகிய கண்ணாடியோ அந்தத் தீயின் எச்சம். இன்னொரு பலமும் உண்டு. வாட்ஸ் மக்களுக்குப் பட்டறையும் சலவைக்கல்லும் வெண்கலமும் எட்டாதவை. காலடியில் கிடந்ததோ யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத பொருள். நினைவுச்சின்னம் எழுப்பும் உரிமை அரசிடமும் பணக்காரர்களிடமும் மட்டுமே இருந்த உலகில், தங்கள் துக்கத்துக்குத் தாங்களே சின்னம் செய்துகொள்ளும் வழியை இந்தக் கலை திறந்துவிட்டது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இதற்கு நேர் எதிரே கிறிஸ்தியான் போல்தான்ஸ்கியை நிறுத்திப் பார்க்க வேண்டும். பாரிஸ் நாஜிப் பிடியிலிருந்து விடுபட்ட சில நாள்களில், 1944 செப்டம்பரில் பிறந்தவர் அவர். யூதரான தந்தை ஆக்கிரமிப்புக் காலத்தில் வீட்டுத் தரைப் பலகைகளுக்கு அடியில் ஒளிந்து உயிர் தப்பியவர். 2010 ஜனவரியில், பாரிஸின் கிராந் பலே மண்டபத்தில் அவர் அமைத்த 'பெர்ஸோன்' படைப்பில், பழைய துணிகளைத் தரையில் சதுரம் சதுரமாக விரித்திருந்தார். ஒரு கோடியில் மலையாகக் குவிந்த துணிகள். மேலே ஒரு பளுதூக்கியின் இரும்புக் கை இறங்கி, கைக்கு வந்ததை அள்ளி, உயரே கொண்டுபோய், கீழே விட்டது. சுற்றிலும் இதயத் துடிப்புகளின் ஒலி. மண்டபத்துக்குச் சூடேற்ற வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் பார்வையாளர்கள் குளிரில் நடந்தார்கள். அதே ஆண்டு நியூயார்க்கில் ஒரு பழைய ராணுவ மண்டபத்தில் 30 டன் துணியோடு இதன் தொடர்ச்சியைச் செய்தார்.

பார்த்தவர்களில் பெரும்பாலோர் வதைமுகாம்களை நினைத்தார்கள். நினைக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்தத் துணிகள் இறந்தவர்களுடையவை அல்ல. உயிரோடிருப்பவர்கள் அலமாரியை ஒழிக்கும்போது கழித்துக் கொடுத்த சட்டைகள். கண்காட்சி முடிந்ததும் மறுசுழற்சிக்கே திரும்பியவை. மனமறிந்து எறிந்தது, பறிபோனதன் இடத்தில் நின்றது.

இது எவ்வளவு பெரிய இடைவெளி என்பதை உணர ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தை நினைத்தால் போதும். அங்கே சுமார் 1,10,000 செருப்புகளும் காலணிகளும், 3,800 பயணப் பெட்டிகளும் இருக்கின்றன. அவற்றில் 2,100 பெட்டிகளில் உரியவரின் பெயர் எழுதியிருக்கிறது. திரும்பக் கையில் வாங்குவோம் என்று நம்பியவர்கள் எழுதிய பெயர்கள். அந்தப் பெட்டிக்கு முன் நிற்பவர் ஒரு மனிதருக்கு முன் நிற்கிறார். போல்தான்ஸ்கியின் துணிமலைக்கு முன் நிற்பவரோ ஓர் எண்ணிக்கைக்கு முன்தான் நிற்கிறார்.

இதைச் சொல்லி அவரைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. தன் படைப்பு யூதப் படுகொலையை மட்டும் பற்றியது என்ற பொருளை அவர் ஏற்றதில்லை. யார் எப்போது போவார் என்பதில் எந்தக் கணக்கும் இல்லை என்ற திகைப்பையே அவர் சொல்ல நினைத்தார். அந்த இரும்புக் கை அதைத் துல்லியமாகச் சொல்கிறது. அந்தக் குளிரும் பொய்யில்லை, நடப்பவரின் உடம்பு அதை உணர்கிறது. அப்படியானால் படைப்பின் வலு துணியில் இல்லை, அரங்கமைப்பில் இருக்கிறது. துணி வெறும் அளவு. 30 டன் என்ற எடை பார்வையாளரைத் திணறவைக்கிறது, ஆனால் அந்த 30 டன்னில் ஒரு கிலோவைக்கூட யாரும் தனியாக நினைவில் வைத்துக்கொண்டு வெளியேற முடியாது. நினைவைப் பற்றிய கலைக்கு இது சிறிய குறையல்ல.

உரியவர் யார் என்று தெரிந்தால்தான் பொருள் பேசுமா? அப்படியும் விதி வகுத்துவிட முடியாது. கானாவில் பிறந்து நைஜீரியாவின் நசுக்காவில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த எல் அனட்சூய், 1990-களின் இறுதியில் ஒரு பை நிறைய மதுப்புட்டி மூடிகளைக் கண்டெடுத்தார். அவற்றைத் தட்டையாக்கி, மடித்து, செம்புக் கம்பியால் கோத்து, சுவரளவு தொங்கும் திரைகளாக்கினார். எந்த மூடியை யார் திறந்தார் என்று எவருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. ஐரோப்பியர் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்து சரக்குக்கும் மனிதர்களுக்கும் மாற்றாகக் கொடுத்தவற்றில் மதுவும் ஒன்று. அந்த வாணிபத்தின் வரலாறு மூடியிலேயே ஏறியிருக்கிறது. அங்கே பொருளின் சொந்தக் கதையே போதுமானதாகிறது.

கொலம்பியாவின் டோரிஸ் சால்செதோ இந்தச் சிக்கலை எல்லோரையும் விட ஆழமாக யோசித்தவர். 1990-களில் அவர் செய்த 'அத்ராபிலியாரியோஸ்' தொடரில், சுவரில் சிறு மாடங்களைக் குடைந்து, காணாமலாக்கப்பட்டவர்களின் காலணிகளை உள்ளே வைத்தார். பெரும்பாலும் பெண்களுடையவை, குடும்பத்தார் கொடுத்தவை. மாடத்தின் வாயை விலங்கின் சவ்வால் மூடி, அறுவை மருத்துவ நூலால் சுவரோடு சேர்த்துத் தைத்தார். சவ்வின் வழியே காலணி மங்கலாகத் தெரியும். கூட்டுப் புதைகுழிகளில் உடலை அடையாளம் காணக் காலணியே உதவியது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த மங்கல் தாங்க முடியாதது. வருபவர் தேடுகிறார், தெளிவாகப் பார்க்க முடியவில்லை. அந்தக் குடும்பங்கள் வருடக் கணக்கில் வாழ்ந்த நிலையின் ஒரு துளியை அவர் அங்கே உணர்கிறார். தைத்த நூல் அலங்காரமல்ல, கருத்தையே தாங்குவது. பொருளைக் கண்டெடுப்பதோடு வேலை முடிவதில்லை, அதை என்ன செய்வது என்பதில்தான் கலை தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அவரே 2002-இல் போகோட்டாவின் நீதி மாளிகையில் வேறொரு வழியைக் கையாண்டார். 1985 நவம்பர் 6, 7 தேதிகளில் கெரில்லாக்கள் கைப்பற்றிய அந்தக் கட்டடத்தை ராணுவம் மீட்கப் போய் ஏறத்தாழ நூறு பேர் மடிந்தார்கள், நீதிபதிகள் உட்பட. 17 ஆண்டு கழித்து, அதே தேதிகளில், முதல் உயிர் போன அதே நேரத்தில் தொடங்கி, மாளிகையின் கூரையிலிருந்து வெற்று மர நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சுவரை ஒட்டி இறக்கினார். மொத்தம் 280 நாற்காலிகள், 53 மணி நேரம். இறந்தவர்கள் அமர்ந்த நாற்காலிகள் அல்ல அவை, சாதாரணப் பழைய நாற்காலிகள். ஆனாலும் ஏமாற்று இல்லை. அந்த இடமும் அந்த நேரமும் உண்மை. சாலையில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்து, எதற்காக என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலையை அவை உண்டாக்கின. பொருளில் இல்லாத பிணைப்பைச் சுவரும் கடிகாரமும் கொடுத்தன.

இங்கிருந்து பார்த்தால் அளவுகோல் சற்றுத் தெளிவாகிறது. எங்காவது ஓரிடத்தில் பிணைப்பு உண்மையாக இருக்க வேண்டும். உரியவரோடு இருக்கலாம், பொருளின் வரலாற்றோடு இருக்கலாம், இடத்தோடும் நாளோடும் இருக்கலாம். எதுவுமே இல்லாதபோது மிஞ்சுவது துருவின் அழகு மட்டும். இன்றைய கண்காட்சிகளில் அதுதான் மிகுதி. சந்தையில் விலைக்கு வாங்கிய முன்பின் தெரியாத குடும்பத்தின் கறுப்பு வெள்ளைப் படம், எந்தப் பூட்டையும் திறக்காத சாவிக் கொத்து, டீ டிகாக்‌ஷனில் நனைத்துப் பழுப்பாக்கிய புதுக் காகிதம், வெடிப்பு விழச் செய்யும் பசை. இந்தப் பசை ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் புட்டியில் கிடைக்கிறது. பழைமையைப் புட்டியிலிருந்து எடுத்துப் பூசும் படைப்பு எந்த இழப்பையும் அறியாது. படத்திலுள்ள அந்த முன்பின் தெரியாத பெண்மணிக்கு ஒரு பெயரும் வீடும் இருந்தன. அவரை 'பொதுவான கடந்தகாலம்' ஆக்குவது இரண்டாம் முறை அவரை மறப்பதாகும். இதில் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் இப்படைப்புகள் கேட்பது பாராட்டை அல்ல, பார்ப்பவரின் கண்ணீரை.

குப்பைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை அள்ளிப் பிரிப்பவர்கள். கலைஞர் 'கண்டெடுத்த' பொருளை அவருக்கு முன்பே ஒருவர் கண்டெடுத்திருப்பார், அது அவருடைய பிழைப்பு. டெல்லியின் விவான் சுந்தரம் இதை மறைக்காத சிலரில் ஒருவர். 2008-இல் காட்சிக்கு வந்த 'டிராஷ்' தொடருக்காக, சிந்தன் என்ற அமைப்பின் வழியே குப்பை பொறுக்கும் தொழிலாளர்களோடு சேர்ந்து, தன் பட்டறைத் தரையில் கழிபொருள்களாலேயே ஒரு மாநகரை அடுக்கிப் படமெடுத்தார். படங்கள் பெரியவை, பளபளப்பானவை, தூரத்திலிருந்து பார்த்தால் மயக்குபவை. அந்த அழகே அவற்றின் பலவீனமும் ஆகிறது. குப்பையின் நாற்றமும் கையில் கிழிக்கும் தகரமும் புகைப்படத் தாளில் வருவதில்லை. அவருடைய 1993-ஆம் ஆண்டுப் படைப்பான 'மெமோரியல்' இதைவிட ஆழமாகத் தைக்கிறது. பம்பாய்க் கலவரத்தில் தெருவில் இறந்து கிடந்த ஒருவரின் பத்திரிகைப் படம் அதன் மையம். புகைப்படக்காரர் ஹோஷி ஜால். அந்த ஒரே படத்தின்மேல் ஆணிகளை அறைந்தும், தகர டிரங்குப் பெட்டிகளால் வாயில் எழுப்பியும், பெயர் தெரியாத ஒருவருக்கு அரசு செய்யாத மரியாதையைச் செய்தார். ஊர் விட்டு ஊர் பிழைக்க வந்தவர்களின் சொத்தெல்லாம் அந்த டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த வாயில் கல்லில் கட்டிய எந்த வாயிலையும் விடக் கனமானது.

ஈழத்தில் இந்தக் கேள்விகள் இன்னும் கூர்மையாகின்றன. அங்கே போரில் வீடே பறிபோனது. ஷெல் விழுந்த இரவில் எதை எடுப்பது, எதை விடுவது என்று சில நிமிடங்களில் முடிவெடுத்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2004-இல், எரிந்து மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட யாழ் பொது நூலகத்தில் வைத்த 'வரலாறுகளின் வரலாறு' என்ற படைப்புக்கு, யாழ்ப்பாணத்தின் 500 வீடுகளிலிருந்து பொருள்களைத் திரட்டினார். 1981-இல் 97,000 நூல்களோடு எரிந்த கட்டடத்தில், வீடுகளிலிருந்து வந்த சிறு பொருள்கள் ஏடுகளின் இடத்தில் அமர்ந்தன. பின்னர் 2011-இல் வெளியான 'முடிவுறாத தோம்பு' (தோம்பு என்பது நிலப்பதிவேடு) நூலில் அவர் பொருள்களையும் விட்டுவிட்டார். இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் பழைய வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். எடுத்து வர எதுவும் இல்லாதவர்களிடம் பொருள் கேட்கக் கூடாது என்ற புரிதல் அதில் இருக்கிறது. கழிபொருள் கலையின் எல்லை எங்கே என்பதை இந்த நகர்வு காட்டுகிறது. பொருள் மிஞ்சியவர்களின் துக்கத்தையே அது எளிதாகச் சொல்லும். எதுவும் மிஞ்சாதவர்களுக்கு அது வேறு கருவியைத் தேட வேண்டும்.

அழிவு என்பது படைப்பின் உள்ளேயும் நடக்கிறது. செய்தித்தாள் பழுத்து உதிரும், ரப்பர் இளகி ஒட்டும், பசை விடும். 66 குறிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. பியூரிஃபோய் அதற்காக அழவில்லை. 1989-இல் கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பாலைவனத்துக்குக் குடிபெயர்ந்து, 2004-இல் இறக்கும்வரை வெட்டவெளியில் கழிபொருள்களால் பெரும் சிற்பங்களை எழுப்பிக்கொண்டிருந்தார். வெயிலும் காற்றும் அவற்றை மாற்றுவதை வேலையின் பகுதியாகவே ஏற்றார். அருங்காட்சியகங்களுக்கு இந்த மனநிலை வாய்ப்பதில்லை. குளிரூட்டிய அறையில், கண்ணாடிக்குள், ஈரப்பதம் அளந்து, காப்பீடு செய்து வைக்கும்போது, எறிய இருந்த பொருள் உலகத்திலேயே பத்திரமான பொருளாகிவிடுகிறது. அதனால் அதன் மதிப்பு உயர்கிறது. உரியவரின் குடும்பத்துக்கு அந்த மதிப்பில் என்ன பங்கு என்ற கேள்வியைக் கலைச்சந்தை இதுவரை நேராகச் சந்திக்கவில்லை.

காட்சிக்கூடங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. படைப்பின் பக்கத்தில் இருக்கும் அட்டையில் ஆண்டு, அளவு, பிறகு 'கண்டெடுத்த பொருள்கள்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எங்கே கண்டெடுத்தது, யாருடையது, கொடுத்தார்களா எடுத்ததா வாங்கியதா, காட்சி முடிந்ததும் எங்கே போகும் என்று நான்கு வரி சேர்த்தால் பொய்த் துக்கம் பாதி விலகிவிடும். கொலம்பியாவிலும் ஈழத்திலும் பெயரை வெளியிடுவது உயிருள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். அங்கே பெயர் இல்லை என்பதையும், ஏன் இல்லை என்பதையும் எழுதலாம். சந்தையில் கிலோக் கணக்கில் வாங்கிய துணி என்றால் அதையும் அப்படியே எழுதலாம். அதற்குப் பிறகும் படைப்பு நின்றால் அதன் பலம் கலைஞருடையது.